எழுதியது யாருக்காக? ஏலாக்குறிச்சியும் வீரமாமுனிவரின் வாசகர்களும்

1. கேள்வி

சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைப் பற்றிப் பெரம்பலூர் வட்டாரத்தில் வழங்கும் கதை பலரும் அறிந்தது. மதுரையை எரித்த கண்ணகி சினம் ஆறி அமர்ந்த இடம் அது என்பார்கள். திங்களும் வெள்ளியும்தான் அங்கே வழிபாட்டுக்குரிய நாள்கள். மற்ற நாள்களில் அம்மன் மலைமேல் இருக்கிறாள் என்பதும் அந்தக் கதையின் ஒரு பகுதி. ஊரார் தலைமுறைதோறும் சொல்லிவந்த இப்படிப்பட்ட கதைகளே இந்தப் பக்கத்து ஊர்களைத் தலங்களாக்கின. சிறுவாச்சூரிலிருந்து தென்கிழக்கே அரியலூரைக் கடந்து திருமானூர்ப் பக்கம் போனால், கொள்ளிடத்தின் வடபுறத்தில் ஏலாக்குறிச்சி வருகிறது. அங்கே இருப்பவள் அடைக்கல மாதா. அந்த ஊருக்குத் தலப்பாடல் கட்டியவர் இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி. தமிழர் அறிந்த பெயரில் சொன்னால், வீரமாமுனிவர்.

அவரைப் பற்றி நம்மிடம் மூன்று படிமங்கள் நிலைத்திருக்கின்றன. கடல்கடந்து வந்து தமிழில் கரைந்துபோன புலவர் என்பது முதலாவது. 1968இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினாவில் அவருக்குச் சிலை எழுந்ததற்கு இந்தப் படிமமே காரணம். சமயம் பரப்புவதற்குத் தமிழைக் கருவியாக்கிக்கொண்டவர் என்பது இரண்டாவது. தமிழ் உரைநடைக் கதையின் முன்னோடி, சிறுகதைக்கும் நாவலுக்கும் மூத்தவர் என்பது மூன்றாவது. பள்ளிப் பாடநூல்கள் முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்துச் சொல்லும். தருக்க மேடைகள் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும்.

மூன்றுமே எழுதியவரின் நெஞ்சுக்குள் புகுந்து நோக்கம் தேடுகின்றன. நோக்கத்தை அறுதியிட நமக்குக் கிடைப்பவை குறைவு. அந்த நூல்கள் யார் கையில் போய்ச் சேரும்படி எழுதப்பட்டன என்ற கேள்விக்குச் சான்று அதைவிடக் கூடுதலாக இருக்கிறது. நூலின் மொழி, அதோடு சேர்ந்த உரை, எழுதிய ஆண்டு, அக்கம்பக்கத்தில் அப்போது நடந்தவை ஆகிய நான்கும் அந்தச் சான்றுகள். இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைத் தொடர்கிறது.

2. கொள்ளிடத்தின் வடகரை

பெஸ்கி 1680 நவம்பர் 8 அன்று வட இத்தாலியில் மாந்துவாவுக்கு அருகிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். இயேசு சபையின் இளம் புனிதர் அலோசியுஸ் கொன்சாகா பிறந்ததும் அதே ஊர்தான். 1698இல் சபையில் சேர்ந்தார். ராவென்னாவில் இலக்கணம் கற்பித்தார். பொலோஞ்ஞாவில் இறையியல் படித்தார். 1710இல் லிஸ்பனில் கப்பலேறி, கோவா வழியாக 1711இல் மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் தொடக்கப் பணி. பத்தாண்டுக்குள் வடக்கே வந்துவிட்டார். 1720களிலும் 1730களிலும் அவருடைய வாழ்க்கையின் நடு இடம் ஏலாக்குறிச்சி. அவர் அதற்கு வைத்த பெயர் திருக்காவலூர்.

அந்த இடம் ஏன் என்பதற்கு விடை வரைபடத்தில் இருக்கிறது. ஆற்றுக்குத் தெற்கே தஞ்சை மராட்டியர் ஆட்சி. அங்கே கிறிஸ்தவர்கள் 1701 வாக்கில் கடும் ஒடுக்குமுறையைச் சந்தித்திருந்தனர். ஆற்றுக்கு வடக்கே அரியலூர் மழவராயர்களும் உடையார்பாளையம் பாளையக்காரர்களும் இருந்தனர். மேற்கே திருச்சிராப்பள்ளியில் நாயக்கர் ஆட்சி தன் கடைசிக் காலத்தில் இருந்தது. ஆற்றைக் கடந்தால் வேறொருவர் அதிகாரம் என்னும் நிலத்தில் கொள்ளிடக் கரை ஊர் ஒன்று புகலிடமாவது இயல்பு. அடைக்கல நாயகி என்ற பெயரை வெறும் பக்தி வழக்காக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. தெற்கிலிருந்து ஓடிவந்தவர்களின் நினைவு அதில் ஒட்டியிருக்கிறது.

அரியலூர் அரங்கப்ப மழவராயருக்கு வந்த இராஜபிளவையை வீரமாமுனிவர் மாதாவை வேண்டிக் குணப்படுத்தினார் என்றும், அதற்கு நன்றியாக அவர் கோயிலுக்கு நிலம் விட்டார் என்றும் தலமரபு சொல்கிறது. புதுமையை வரலாற்றாய்வால் அளக்க முடியாது. ஒரு பாளையக்காரரின் ஆதரவு இல்லாமல் அந்த ஊரில் கோயிலும் குடியிருப்பும் நிலைத்திருக்காது என்பதை மட்டும் இந்த மரபு உறுதிப்படுத்துகிறது. இந்து அரசரோ பாளையக்காரரோ சமணப் பள்ளிக்கும் தர்காவுக்கும் மானியம் விட்ட நாட்டில் இது புதிதும் அன்று.

ஏலாக்குறிச்சிக்கு அவர் பாடியவை திருக்காவலூர்க் கலம்பகமும் அடைக்கல நாயகி வெண்பாவும். விருத்தாசலத்துக்கு அருகே கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய கோயிலில் மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர். விருத்தகிரீசுவரர் கோயில் அம்மனுக்கும் அதே பெயர்தான். கலம்பகம், வெண்பா, அந்தாதி, அம்மானை என்று அவர் எடுத்துக்கொண்ட வடிவங்கள் எல்லாம் தலத்தையும் தெய்வத்தையும் பாடத் தமிழ்ப் புலவர்கள் வழிவழியாகக் கையாண்டவை. புதிய சமயத்துக்கு வந்தவர்கள் பழைய ஊரை விட்டு வெளியேற வேண்டியதில்லை என்று அந்தப் பாடல்கள் சொல்கின்றன. சிறுவாச்சூருக்கும் ஏலாக்குறிச்சிக்கும் இடையே தெய்வம் வேறு. ஊரைத் தலமாக்கும் முறை ஒன்றுதான்.

3. முத்துசாமிப் பிள்ளை தந்த உருவம்

நமக்குக் கிடைக்கும் வீரமாமுனிவர் பெரும்பாலும் ஒரு மனிதர் தொகுத்துத் தந்தவர். சென்னைக் கல்விச் சங்கத்தில் பணியாற்றிய முத்துசாமிப் பிள்ளை எல்லிஸ் துரையின் தூண்டுதலால் 1816இல் தென்னாட்டில் சுற்றி வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடினார். 1822இல் அவருடைய சரித்திரத்தைத் தமிழில் எழுதினார். பெஸ்கி இறந்து ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. ஊர்ப்பெரியவர்கள் சொன்னதும் சுவடிகளில் கண்டதும் அந்நூலில் கலந்திருக்கின்றன. அவர் தேடிப் போயிராவிட்டால் பல நூல்களை நாம் இழந்திருப்போம் என்பதால் அவருக்கு நாம் மிகவும் கடன்பட்டவர்கள். ஆனால் அவர் தந்த செய்திகளை ஒவ்வொன்றாக எடை போட வேண்டும்.

காதில் முத்துக் கடுக்கன், புலித்தோல் இருக்கை, பல்லக்கு, முன்னும் பின்னும் பரிவாரம் என்று வரும் உருவம் அவர் வழியாகவே பரவியது. இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து துறவிக்கோலம் பூண்ட நாள் முதல் அந்தச் சபையினர் இந்நாட்டுக் குருக்களின் தோற்றத்தை ஏற்றே பணியாற்றினர். ஆகவே இந்த வருணனையில் ஒரு பகுதி உண்மையாக இருக்கலாம். சந்தா சாகிபைச் சந்திக்க மூன்றே மாதத்தில் பாரசீகமும் துருக்கியும் கற்றார், அவரிடம் திவானாக இருந்து நான்கு ஊர்களை இனாமாகப் பெற்றார் என்ற செய்தி வேறு வகை. சந்தா சாகிபு 1736இல் திருச்சிராப்பள்ளியைப் பிடித்தார். 1741இல் மராட்டியர் அதை அவரிடமிருந்து பறித்தனர். இடைப்பட்ட ஆண்டுகளில், கோயில்களும் கிறிஸ்தவக் குடிகளும் படையெடுப்பில் சிக்காதிருக்கப் பணித்தளத்தின் தலைவர் ஒருவர் புதிய ஆட்சியாளரைப் போய்க் கண்டிருப்பார் என்பது நம்பத்தக்கது. திவான் பதவியை நம்புவது கடினம். 1918இல் திருச்சியில் வெளிவந்த நூலில் லெயோன் பெஸ் இயேசு சபை ஆவணங்களைக் கொண்டு இந்த வாழ்க்கையைத் திரும்ப ஆராய்ந்தார். அவருக்குப் பின்வந்த சபை ஆய்வாளர்களும் இந்தப் பதவியை ஏற்கத் தயங்கியே இருக்கிறார்கள்.

இறப்பிலும் இதே சிக்கல்தான். மணப்பாட்டில் 1742இல் இறந்தார் என்று ஒரு வழக்கு. 1747 பிப்ரவரி 4 அன்று கேரளத்தின் அம்பழக்காட்டில் இறந்தார் என்பது சபை ஆவணங்களின் வழியே ஆய்வாளர்கள் ஏற்கும் செய்தி. முந்தைய வழக்கு திருச்சியின் வீழ்ச்சியோடு அவருடைய கதையையும் முடித்துவிடுகிறது. உண்மையான கடைசி ஆண்டுகள் மேலும் சில காலம் நீண்டன. அவை கடற்கரையிலும் மலையாள நாட்டிலும் கழிந்தன. அம்பழக்காட்டில்தான் 1679இல் அந்தாவ் தெ ப்ரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சாகியிருந்தது. அகராதிக்காரர் ஒருவரின் கடைசி இருப்பிடமாக அந்த ஊர் அமைந்ததை நினைக்கையில் நெகிழாமல் இருக்க முடியவில்லை.

தேம்பாவணியைப் பெஸ்கியின் ஆசிரியர் சுப்பிரதீபக் கவிராயரே எழுதிக் கொடுத்தார் என்ற பேச்சும் இந்த மரபுச் சூழலில் பிறந்ததுதான். கூளப்ப நாயக்கன் காதல் பாடியவர் அவர். ஒரு வெளிநாட்டவருக்கு இவ்வளவு யாப்பு எப்படிக் கைவந்தது என்ற வியப்பே இந்தப் பேச்சின் ஊற்று. ஆனால் காப்பியத்தின் பொருள் சுப்பிரதீபர் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. ஸ்பானிய நாட்டு ஆகிரெதா ஊர்த் துறவியான மரியா 17ஆம் நூற்றாண்டில் எழுதிய மாதா சரிதத்தை அது தழுவிச் செல்கிறது. சீர் அமைப்பதில் புலவரின் உதவி இருந்திருக்கலாம். பழங்காலத்தில் எந்தப் புலவர்தான் ஆசிரியர் பார்வையில்லாமல் நூலை வெளியிட்டார்?

4. உபதேசியார்களின் காப்பியம்

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது. தேம்பாவணி 1726. வேதியர் ஒழுக்கம் 1727. வேத விளக்கமும் கொடுந்தமிழ் இலக்கணமும் 1728. தேம்பாவணிக்கு அவரே எழுதிய உரை 1729. தொன்னூல் விளக்கமும் செந்தமிழ் இலக்கணமும் 1730. சதுரகராதி 1732. ஒரு மனிதரின் முதன்மையான நூல்கள் பெரும்பாலும் ஏழு ஆண்டுக்குள் அடங்கிவிட்டன. திறமை மட்டும் இதற்கு விளக்கமாகாது. அந்த ஆண்டுகளில் ஏதோ ஒரு தேவை அவரை நெருக்கியிருக்க வேண்டும்.

அந்தத் தேவை உபதேசியார்களிடமிருந்து வந்தது என்பது என் துணிபு. மதுரைப் பணித்தளத்தில் சாமியார்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தனர். ஒருவருக்குப் பல நூறு ஊர்கள். ஆண்டுக்கு ஒருமுறைகூட அவர் வந்து சேராத ஊர்கள் உண்டு. செபம் சொல்லித் தருவது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, வழக்குத் தீர்ப்பது, ஊர்ப் பண்டாரத்தோடும் புலவரோடும் வாதாடுவது எல்லாம் உபதேசியார் வேலை. வேதியர் ஒழுக்கம் இவர்களுக்காகவே எழுதப்பட்டது. சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த தியான முயற்சிகளை இவர்களுக்குக் கற்பிக்கும் களமாக ஏலாக்குறிச்சி இருந்ததென்று அண்மைக் காலத்தில் மார்கெரிட்டா ட்ரெண்டோ விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய ஆய்வு வந்தபின், வீரமாமுனிவரைத் தனிமரமாகப் பார்க்கும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

இந்த வெளிச்சத்தில் தேம்பாவணியைப் பார்க்கலாம். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 விருத்தம். பாட்டுடைத் தலைவர் சூசையப்பர், காப்பியத்தில் வளன். நாட்டுப் படலமும் நகரப் படலமும் முன்னே வருகின்றன. யூதேயா நாடு வயலும் குவளையும் கன்னலும் செழித்த மருத நிலமாகத் திகழ்கிறது. காவிரிக் கழிமுகத்தை அருகில் வைத்துக்கொண்டு எழுதியவருக்கு அது எளிதில் வந்திருக்கும். சிந்தாமணியும் கம்பனும் அவர் கண்முன் இருந்தன. இது வெறும் அலங்காரம் என்று சொல்லும் திறனாய்வாளர்கள் உண்டு. பாலைவன நாட்டைப் பச்சை வயலாக்கியது பொருத்தமற்றது என்பது அவர்கள் குறை. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. சில படலங்களில் வருணனை கதையை மூழ்கடிக்கிறது. ஆனால் அப்படி எழுதாத காப்பியத்தை அன்றைய புலவர் சபை காப்பியமாக ஏற்றிருக்காது. உபதேசியார் ஒருவர் புலவர் முன் நின்று, எங்களுக்கும் காப்பியம் உண்டு என்று சொல்வதற்கு அந்த மருத வயல்கள் தேவைப்பட்டன.

தம் காப்பியத்துக்குத் தாமே உரை எழுதிய செயல் இதைவிட வலிய சான்று. பாட்டைத் தானே உணரும் புலவர்களுக்கு அந்த உரை வேண்டியிருக்காது. பாட்டைப் பாடம் கேட்டு ஊரூராகப் போய் விளக்கும் ஒருவருக்கே அது வேண்டும். தொன்னூல் விளக்கத்தையும் இதே வரிசையில் வைக்கலாம். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்தையும் 370 நூற்பாவில் அடக்கி, அதற்கும் அவரே உரை எழுதினார். பொருளதிகாரத்தில் அகமும் புறமும் என்ற பழைய வைப்பை விட்டு, ஒரு கருத்தை எடுத்து நிறுவும் முறையைப் பேசுகிறார். இயேசு சபைக் கல்லூரிகளில் பயின்ற சொற்கலையின் தடம் அதில் தெரிகிறது. சபை நடுவே எழுந்து பேச வேண்டியவர்களுக்கான இலக்கணம் அது. சதுரகராதியும் அப்படியே. நிகண்டுகளைச் சூத்திரமாக மனப்பாடம் செய்த காலத்தில், பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாக்கிச் சொற்களை அகர வரிசையில் தேடி எடுக்கும்படி செய்தார். சிறுவயதிலிருந்து திண்ணையில் நிகண்டு ஓதாத ஒருவரும் பாட்டுக்குப் பொருள் காணவும் பாட்டுக் கட்டவும் அது வழி செய்தது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் காட்ட அவர் சொன்ன முறை பின்னர் அச்சில் நிலைத்தது. அதுவும் படிப்பவர் தடுமாறாமல் படிக்க வேண்டும் என்ற கவலையிலிருந்து வந்ததே.

5. தரங்கம்பாடியோடு வழக்கு

நெருக்கடியின் இன்னொரு முகம் கிழக்கே இருந்தது. லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1714இலும் 1715இலும் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. தஞ்சைப் படையில் இருந்த இராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கர் அந்த அச்சுப் புத்தகத்தைப் படித்தே 1720களின் இறுதியில் லூத்தரன் பக்கம் சேர்ந்தார். அப்பகுதியில் பலரைச் சேர்க்கவும் செய்தார். கத்தோலிக்கச் சாமியார்களின் கையில் அச்சுப் பொறி இல்லை. அவர்களிடம் இருந்தவை ஓலையும், அதைப் படியெடுப்பவர்களும், வாய்விட்டுப் படிப்பவர்களும்தான்.

வேத விளக்கம் இந்தச் சூழலில் எழுந்தது. லூத்தரன்கள் திருச்சபை பேதகம் என்று மறுப்பு வெளியிட்டனர். வீரமாமுனிவர் பேதகமறுத்தல் எழுதினார். லுத்தேரினத்தியல்பு என்ற நூலும் உண்டு. இந்தக் கண்டன நூல்களில் அவர் உரைநடை கூர்மையாகவும் சில இடங்களில் கடுமையாகவும் இருக்கிறது. எதிரியின் ஒழுக்கத்தையும் பிறப்பையும் இழுத்துப் பேசும் இடங்களை இன்று படிக்கையில் மனம் சுளிக்கிறது. அவற்றை மறைத்து அவரைத் தமிழ்ப் புலவராக மட்டும் காட்டுவது அவருக்கும் வரலாற்றுக்கும் செய்யும் அநீதி. தமிழ் உரைநடை அந்த நூற்றாண்டில் வேகம் பெற்றதற்கு இந்தச் சண்டை ஒரு பெரிய காரணம். எதிராளி சொன்னதை எடுத்துக் காட்டி, பிரித்து, மறுத்து, கேட்பவனைத் தன் பக்கம் இழுக்கும் நடையை இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்தே வளர்த்துக்கொண்டன.

இத்தனைக்கும் பிறகு 1738இல், இலத்தீனில் எழுதிய அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தைத் தரங்கம்பாடி லூத்தரன் அச்சகமே அச்சிட்டது. புதிதாக வரும் குருமார்கள் மக்கள் பேசும் தமிழைக் கற்க அதைவிட நல்ல நூல் அவர்களிடமும் இல்லை. கோட்பாட்டில் பகைவராக இருந்தவர்கள் பாடப்புத்தகத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

6. பரமார்த்த குருவைப் படித்தவர்கள்

இனி, கதைக்கு வரலாம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களோடு சுற்றும் பரமார்த்த குருவை அறியாத தமிழ்க் குழந்தைகள் குறைவு. ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் விட்டுப் பார்ப்பதும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவதும் நம் வீட்டுக் கதைகளாகிவிட்டன. இதை வைத்தே அவரைத் தமிழ்ச் சிறுகதையின் தந்தை என்கிறார்கள்.

ஆனால் இந்த நூல் தமிழர் படிக்க எழுதப்பட்டதன்று. வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் சாமியார்கள் பேச்சுத்தமிழ் பழக வேண்டி, இலத்தீன் மொழிபெயர்ப்போடு, தம் தமிழ்–இலத்தீன் அகராதிக்குத் துணையாக அவர் எழுதிவைத்தது. செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் எழுதியவர் அவர். எந்த வாசகருக்கு எந்தத் தமிழ் என்பதில் தெளிவாக இருந்தார். உபதேசியார்களுக்கும் புலவர்களுக்கும் விருத்தமும் உரையும். ஐரோப்பிய மாணவருக்கு இந்தக் கதை. 1822இல் பெஞ்சமின் கை பாபிங்டன் லண்டனில் தமிழ் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வெளியிட்டதும் அதே பயனுக்குத்தான். கம்பெனி உத்தியோகத்துக்கு வருபவர்கள் தமிழ் படிக்க வேண்டியிருந்தது.

கதைகள் யாருடையவை என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. 1826இல் பிரெஞ்சில் இதை வெளியிட்ட அபே துபுவா, இவை இந்த நாட்டுக் கதைகளே என்று கருதினார். ஐரோப்பிய மூடர் கதைகளோடு ஒத்துப்போவதைக் காட்டி, பெஸ்கி அங்கிருந்து கொண்டுவந்தார் என்போரும் உண்டு. உட்கார்ந்த கிளையையே வெட்டுவதும் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணுவதும் இரு கண்டங்களிலும் வழங்கும் கதைகள். எனவே ஒப்புமையை மட்டும் வைத்து ஊர் சொல்ல முடியாது. தமிழ்நாட்டு நாட்டார் கதைகளையும் அச்சு வரலாற்றையும் ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்நூலுக்குத் தந்த கவனம் இங்கே பயன்படுகிறது. வாய்மொழிக் கதை அச்சுக்குப் போய், அச்சிலிருந்து மறுபடி வாய்மொழிக்குத் திரும்பிய பாதைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இந்து குருமார்களைக் கேலி செய்ய எழுதினார் என்ற குற்றச்சாட்டு பழையது. கதை குரு–சீட உறவைக் கேலி செய்கிறது என்பதை மறுக்க முடியாது. அதே நேரம் முதல் வாசகர் யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து இறங்கி, காவி உடுத்தி, சீடர்கள் புடைசூழ ஊர் ஊராகச் சுற்றப்போகிற இளைஞர் அவர். அந்த வட்டாரத்தில் அவரையே மக்கள் குருவே என்றும் சாமி என்றும் விளிக்கப்போகிறார்கள். உள்ளூர் வழக்கம் தெரியாமல், சீடர்கள் சொன்னதையெல்லாம் நம்பி, வாடகைக் காளைமாட்டின் நிழலுக்கும் கூலி கொடுக்கும் குருவின் கதை அவருக்கு எச்சரிக்கையாகவும் ஒலித்திருக்கும். இது ஊகமே. ஆயினும் கதையில் எந்தக் கடவுளும் கேலிக்கு ஆளாகாமல் ஒரு மனிதரின் அறியாமை மட்டுமே ஆளாவது இந்த ஊகத்துக்கு இடம் தருகிறது. குருவும் கடைசிவரை வெறுக்கத் தக்கவராக ஆவதில்லை. அவர் இறக்கும்போது வாசகருக்கு இரக்கமே மிஞ்சுகிறது.

7. குளத்தூரிலிருந்து ஒரு நாவல்

அவரை நாவலாசிரியர் என்று சொல்ல முடியுமா? ஒரே குருவையும் ஐந்து சீடர்களையும் தொடர்ந்து கொண்டுசென்று, குருவின் சாவில் முடியும் கோவை பரமார்த்த குருவில் இருக்கிறது. ஒரு பாத்திரம் உள்ளுக்குள் மாறி வளர்வதோ, ஒரு சமூகத்தின் உறவுகள் கதையில் சிக்கி அவிழ்வதோ அதில் இல்லை. இவை வந்தது மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரத்தில். அவரும் கத்தோலிக்கர், திருச்சிராப்பள்ளிச் சீமையின் குளத்தூரில் 1826இல் பிறந்தவர், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். இருவரையும் சமயத்தை வைத்து ஒரே கோட்டில் இணைத்துவிடுவது எளிது. ஆனால் வாசகரை வைத்துப் பார்த்தால் இருவருக்கும் நடுவே ஒரு பெரிய மாற்றம் தெரிகிறது. வேதநாயகர் தம் நாவலை எழுதும்போது, தமிழ் உரைநடையை இன்பத்துக்காக வாங்கிப் படிக்கும் ஆணும் பெண்ணும் உருவாகிக்கொண்டிருந்தார்கள். பெண் கல்விக்காகவே அவர் தனி நூல் எழுதியிருந்தார். சர்வ சமய சமரசக் கீர்த்தனை பாடியவர் என்பதால் ஒரு சபையாரை மட்டும் நினைத்து எழுத வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

வீரமாமுனிவருக்கு அப்படியொரு பொது வாசகர் கூட்டம் கிடைக்கவில்லை. அவர் காலத்தில் அது எவருக்குமே இல்லை. தேம்பாவணி அச்சேறியதே 1851 முதல் 1853 வரையிலான ஆண்டுகளில், புதுச்சேரியில். அதற்கு முன் நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் அது ஓலையிலும் தாளிலும் கையால் எழுதப்பட்டு, கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டிருந்தது. படியெடுத்தவர்கள், பாடம் சொன்னவர்கள், கோயில் திண்ணையில் கேட்டவர்கள் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை. முத்துசாமிப் பிள்ளை 1816இல் தேடிப் போனபோது அவருக்குச் சுவடிகள் கிடைத்தன என்றால், இயேசு சபையே 1773இல் கலைக்கப்பட்ட பிறகும் அவற்றைக் காத்து வைத்திருந்தவர்கள் இருந்தார்கள் என்று பொருள். ஏலாக்குறிச்சிக் காலத்து உபதேசியார் குடும்பங்கள், கோணான்குப்பம் போன்ற ஊர்களின் கோயில் பொறுப்பாளர்கள், பழைய சுவடிக் கட்டுகளின் ஓரக்குறிப்புகள் ஆகியவற்றின் வழியாகத்தான் அந்த வாசகர்களை நாம் தேட வேண்டும். அந்தத் தேடலில் ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களைவிட, கொள்ளிடக் கரையின் பங்குக் கோயில்களும் பழைய உபதேசியார் வீட்டுப் பரண்களும் முதலில் திறக்கப்பட வேண்டும்.